ஸ்டொப்பரும் மிளகாய் மூட்டையும்

பந்தாட்டத்தில ஸ்டொப்பர் எண்டது, கோலிக்கு முன்னால நிண்டு மறிக்கிறவன், சந்தேகப்படுறதையே தொழிலாக் கொண்ட பிறவி. முன்னுக்கு விளையாடுறவன் பந்தை நம்பி ஓடுவான். ஸ்டொப்பர் பந்தையும் நம்பக்கூடாது, ஆளையும் நம்பக்கூடாது, கொடி பிடிச்சுக்கொண்டு நிக்கிற லைன்ஸ்மனை அறவே நம்பக்கூடாது. யாழ்ப்பாணத்தில ஏழு வருசம், ஜேர்மனியில நாலு வருசம் நான் இந்த வேலை பாத்தனான். வேலை எண்டு சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. அகதி மனுப் போட்ட எங்களுக்கு அந்த நாளில வேறை வேலை செய்யத் தடை. வெளிநாட்டவர் அலுவலகத்து வாசலில, நாங்கள் அம்ற் எண்டு சொல்லுறது, விடியக் காலமை நம்பர்த் துண்டோட விறைச்சுக்கொண்டு நிண்ட ஆக்களுக்கு நான் சொல்லப்போறது கெதியா விளங்கும். மற்றவை பொறுத்துக்கொள்ளுங்கோ.

இரவல் கதை

எண்பத்தி நாலு கடைசியில வந்து சேந்தன். டோர்ட்மண்டுக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரில, பழைய பள்ளிக்கூடம் ஒண்டை அகதியள் தங்கிற ஹைம் எண்டு மாத்தி, அறைக்கு ஆறு பேராப் போட்டு வைச்சிருந்தவை. என்ர கட்டிலுக்கு மேல்தட்டில படுத்தவர் சிவம் அண்ணை. நாப்பது வயசு, முத்து முத்தான எழுத்து, ஆரையும் நம்பாத குணம். தேத்தண்ணி போட்டுக் குடுத்தாலும் ஒருக்கா மணந்து பாத்திட்டுத்தான் குடிப்பார். ஊரில ஏதோ கந்தோரில கிளார்க்கா இருந்திருப்பார் எண்டு நாங்களாவே முடிவு கட்டியிருந்தம். விசாரணைக்கு டெர்மின், அதுதான் தவணை நாள், வந்தால் எல்லாரும் யோசனை கேக்க அவரிட்டத்தான் போறது.

முதல்ல என்ர உண்மைக் கதையைக் கேளுங்கோ. எங்கட கடற்கரைக் கழகத்தில நான் ஸ்டொப்பர். எண்பத்தி மூண்டு யூலைக்குப் பிறகு, முன்னுக்கு விளையாடின ரெண்டு பெடியள் இயக்கத்துக்குப் போட்டாங்கள். ஆமி வந்து கழகக் கொட்டிலை உடைச்சு, அங்கத்தவர் பேர் எழுதின கொப்பியைத் தூக்கிக்கொண்டு போச்சு. பேந்து கொப்பியைப் பாத்துப் பாத்து வீடு வீடாப் பிடிச்சாங்கள். பின்வரிசையில எனக்கு இடப்பக்கம் விளையாடின லெஃப்ட் பெக்கைப் பிடிச்ச அண்டைக்கு நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டனான். இதைச் சொல்ல, சிவம் அண்ணை கட்டிலில துள்ளி எழும்பினார். "விசரே உனக்கு? இயக்கத்துக்குப் போனவங்களோட விளையாடினனான் எண்டால் உன்னையும் இயக்கம் எண்டுதான் எழுதுவாங்கள். பந்தே உதைச்சதில்லை எண்டு சொல்லு."

அதுக்குப் பதிலா எனக்கு ஒரு கதை தந்தார். கொழும்பில ஒரு பலசரக்குக் கடை. கலவரத்தில அதுக்கு நெருப்பு வைக்கிறாங்கள். உள்ள கிடந்த செத்தல் மிளகாய் மூட்டையள் பத்தி எரிய, நெருப்பு வைச்சவங்களே நிக்க ஏலாமல் இருமி இருமித் தெருமுனைக்கு ஓடுறாங்கள். அந்த இடைவெளியில கடைக்காரன் பின்கதவால தப்புறான். கேக்கேக்க எனக்கே தொண்டை கரகரத்தது. எங்க பிடிச்சாரோ, மனுசன் நல்லாத்தான் கதை கட்டியிருக்கிறார் எண்டு நினைச்சன்.

என்ன பிழை எண்டால், அந்த மூட்டையை அவர் எனக்கு மட்டும் தரேல்லை. கேட்டுவந்த எல்லாருக்கும் குடுத்திருக்கிறார். நான் விசாரணை அறையில கடைக்கு நெருப்பு வைச்சு, மிளகாயை எரிச்சு, கொஞ்சம் இருமியும் காட்டினன். மேசைக்கு அங்கால இருந்த அதிகாரி பேனையை மூடி வைச்சிட்டு ஒரு வசனம் சொன்னார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்ர முகத்தைப் பாக்காமல் அதைச் சொன்னார்: "இந்த மிளகாய் இந்தக் கிழமை மூண்டாவது தரம் எரியுது."

ஏறு!

ஹைமுக்குப் பின்னால ஒரு பந்தாட்ட மைதானம். புல் கிடையாது, சிவத்த சாம்பல் கொட்டின தரை. விழுந்தால் முழங்கால் தோல் அங்கயே நிண்டிடும். ஞாயிற்றுக்கிழமையில அந்த ஊர்க் கழகம் விளையாடும், நான் கோலுக்குப் பின்னால நிண்டு பாப்பன். ஐயோ, அவங்கட பின்வரிசையைப் பாக்கேலாது. எதிராளி வரவர இவங்கள் பின்னுக்குப் பின்னுக்கு வந்து கோலியின்ர மடியில இருக்கிறாங்கள். பொறுக்கேலாமல் ஒருநாள், "ஏறு! ஏறு!" எண்டு கத்திப்போட்டன். என்ன விளங்கிச்சோ, நாலு பேரும் திடுக்கிட்டு முன்னுக்கு ஓடினாங்கள். எதிராளி ரெண்டு பேர் அவங்களுக்குப் பின்னால தனிச்சு, ஓஃப்சைட். மூண்டாவது ஞாயிறு அவங்களே என்னைத் திரும்பிப் பாக்கத் தொடங்கிட்டாங்கள்.

பயிற்சியாளர் கொவால்ஸ்கி. நிலக்கரிச் சுரங்கத்தில இருந்து ஓய்வு எடுத்த ஆள், கையில எப்பவும் ஒரு சின்னக் கொப்பி. மற்ற நாள் ஹைம் வாசலுக்கே வந்து, என்ர பேரைக் கேட்டுக் கொப்பியில எழுதி, ஒரு சோடி பழைய பூட்ஸையும் தந்தார். அளவு சரியா இருந்தது. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. என்ர கால் அளவு இவனுக்கு எப்பிடித் தெரியும்? அறைக்கு வந்து சிவம் அண்ணைக்குக் காட்டினன். பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பாத்தார், உள்ளுக்குக் கைவிட்டும் தடவினார். பிறகு குரலைக் குறைச்சுச் சொன்னார்: "பேரை எழுதிக்கொண்டு சும்மா சப்பாத்துத் தாறவன் பொலிஸாத்தான் இருப்பான், தம்பி."

ஒரு கோடு

கழகத்துக்கு விளையாட ஒரு அடையாளப் பத்திரம் வேணும். அதுக்கு ஒரு படிவம். பேர், பிறந்த திகதி எல்லாம் நிரப்பிக்கொண்டு வந்து ஒரு கேள்வியில மாட்டிக்கொண்டன்: முந்தி எந்தக் கழகத்தில விளையாடினனீங்கள்? விசாரணையில பந்தே உதைச்சதில்லை எண்டு சொல்லியாச்சு. இஞ்ச வேறை மாதிரி எழுதி, ரெண்டு கடுதாசியையும் ஒருத்தன் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தால்? அந்த இடத்தில நீளமா ஒரு கோடு கீறினன்.

கொவால்ஸ்கி அந்தக் கோட்டில விரலை வைச்சார். "எங்கயும் விளையாடேல்லையோ?" எண்டார். "றோட்டில" எண்டன். அண்டைக்குத்தான் பயிற்சியில அவரின்ர நல்ல முன்வரிசைக்காரனை நான் எட்டுத்தரம் ஓஃப்சைடில பிடிச்சிருந்தனான். மனுசன் படிவத்தை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு கேட்டார்: "உங்கட றோட்டில லைன்ஸ்மனும் நிண்டவரோ?"

ஆறு கிலோமீற்றர்

எங்களுக்கு மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டுறதெண்டால் அம்ற்றில அனுமதித் துண்டு எடுக்கவேணும். கழகத்தின்ர பாதி மெச் எல்லைக்கு அங்கால. ஒண்டு ஆறே கிலோமீற்றர் தள்ளி. துண்டு குடுக்கிற மனுசி, "என்ன நோக்கம்?" எண்டா. பந்தாட்டம். "எவ்வளவு நேரம்?" தொண்ணூறு நிமிசம். "சம்பளம் தருவினமோ?" இல்லை. "அப்ப ஏன் போறீங்கள்?" களவா வேலைக்குப் போறன் எண்டு நினைச்சிருப்பா. அரை மணித்தியாலம் யோசிச்சு, ஆறு மணிக்குள்ள திரும்பவேணும் எண்டு எழுதித் தந்தா.

அங்க போய்ப் பாத்தால், கோட்டுக்குப் பக்கத்தில சீருடையோட ஒரு பொலிஸ்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறான். எனக்காகத்தான் அனுப்பியிருக்கினம் எண்டு உடன விளங்கிட்டுது. துண்டை நாலா மடிச்சுக் காலுறைக்குள்ள வைச்சிருந்தன். இப்ப வருவானோ, பிறகு வருவானோ எண்டு அவனையே பாத்துப் பாத்து நிண்டதில ரெண்டு கோல் விட்டிட்டம். மெச் முடிய நேரா என்னட்ட வந்தான். நான் குனிஞ்சு காலுறைக்குள்ள கைவைக்கிறன். ரெண்டு கோலும் அடிச்சவனின்ர தகப்பனாம் அவர், வேலை முடிஞ்ச கையோட மெச் பாக்க வந்தவராம். என்ர தோளில தட்டிச் சொன்னார்: "நல்ல ஸ்டொப்பர் நீ, ஆனா என்னைப் பாக்காமல் என்ர மகனைப் பாத்திருக்கலாம்."

கொவால்ஸ்கியின்ர கடிதம்

என்ர மனு நிராகரிப்பு எண்டு வந்தது. மேல்முறையீடு போட்டு, வழக்கு நாளுக்குக் காத்துக்கொண்டிருந்தன். அந்த நேரம் பாத்து நகரத்தில இருந்து ஒரு பெரிய கழகம், சம்பளம் குடுத்து ஆக்களை வைச்சிருக்கிற கழகம், என்னைப் பாக்க ஆள் அனுப்பினது. வதிவிட அனுமதி கிடைச்சால் ஒப்பந்தம் எண்டவை. வழக்குத் தோத்தால் ஒப்பந்தமும் இல்லை, இருக்க இடமும் இல்லை. நித்திரை போச்சு எனக்கு.

கொவால்ஸ்கி தன்ர பாட்டில நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பிப்போட்டு, பிரதியைப் பெருமையோட கொண்டுவந்து தந்தார். என்ர ஒழுக்கம், நேரந்தவறாமை எல்லாம் ஒரு பக்கம். பிறகு இப்பிடி: முப்பது வருச அனுபவத்தில சொல்லுறன், இவர் பல வருசம் ஒழுங்கான கழகம் ஒண்டில பயிற்சி எடுத்தவர், இந்த விளையாட்டைத் தெருவில படிக்கேலாது. பந்தே உதைச்சதில்லை எண்ட வாக்குமூலம் அதே கோப்பிலதானே கிடக்கு! நன்றி எண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திட்டன். ரெண்டு கிழமை பயிற்சிக்கும் போகேல்லை. சிவம் அண்ணை கடிதத்தைக் கையில வாங்கி, எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழட்டினார்: "நான் அப்பவே சொன்னனான், பொலிஸ் எண்டு."

பதினொரு பேர்

நீதிபதி ஒரு மெல்லிய மனுசி. வாக்குமூலத்தை ஒரு கையிலயும் கடிதத்தை மற்றக் கையிலயும் தூக்கிப் பிடிச்சா. "இதில ஒண்டு பொய். எது?" பின்வாங்கில கொவால்ஸ்கி கழுத்தில ரை கட்டிக்கொண்டு இருக்கிறார். கடையையே பிடிச்சுக்கொண்டு நில் எண்டுதான் சிவம் அண்ணை சொல்லி அனுப்பினவர். ஆனால் இருமக்கூட எனக்கு மனம் வரேல்லை. "கடை பொய்" எண்டன். "அது ஹைமில எல்லாரும் சொல்லுற கட்டுக்கதை. நான் ஸ்டொப்பர்." எழுதுறவர் தட்டச்சில அதை அப்பிடியே அடிச்சார்.

"அப்ப உங்கட அணியைச் சொல்லுங்கோ" எண்டா. கோலியில தொடங்கினன். கோலி சூசை, மண்டபம் முகாமில. லெஃப்ட் பெக் மரியநாயகம், ஆமி பிடிச்சது, இண்டைவரைக்கும் தகவல் இல்லை. ரைட் பெக் கடலில தாண்டு செத்துப்போனான். நடுவில விளையாடின ஒருத்தன் நோர்வேயில. முன்னுக்கு ரெண்டு பேர் இயக்கத்தில, அதில ஒருத்தன் செத்திட்டான். மிச்ச ஆக்களையும் சொல்லி முடிச்சன். மொழிபெயர்ப்பாளர் ஒருக்காத் தண்ணி குடிச்சார். "இதை ஏன் முதல் நாளே சொல்லேல்லை?" எண்டு நீதிபதி கேட்டா. "நீங்கள் நம்பமாட்டியள் எண்டு" எண்டன். "பொய்யை நம்புவம் எண்டு நினைச்சனீங்களோ?" எண்டா.

வெளிய வர, கொவால்ஸ்கி சுவரோட சாஞ்சு நிக்கிறார். இத்தனை வருசம் பொய் சொன்னதுக்கு ஏசப்போறார் எண்டு நினைச்சன். மனுசன் கொப்பியைத் திறந்து பென்சிலை எடுத்தார்: "உன்ர லெஃப்ட் பெக்கின்ர பேரை ஆறுதலா ஒருக்காச் சொல்லு, எழுதவேணும்."

மேல்தட்டு

எனக்கு அங்கீகாரம் வந்தது. ரெண்டு மாசம் கழிச்சுச் சிவம் அண்ணையின்ர தீர்ப்பு வந்தது. அவருக்கு ஜேர்மன் மட்டுமட்டு, அதால என்னை வாசிச்சுச் சொல்லச் சொன்னார். நிராகரிப்பு. காரணத்தைத் தமிழில சொல்லிக்கொண்டு வந்தன்: எரிஞ்ச பலசரக்குக் கடை, மிளகாய் மூட்டை எல்லாம் ஹைமில சுத்துற கட்டுக்கதை, அங்க இருந்த இன்னொருவரே நீதிமன்றத்தில அப்பிடி ஒத்துக்கொண்டிருக்கிறார். அதோட நிப்பாட்டினன். "ஏன் நிப்பாட்டினனீ? வாசி" எண்டார்.

முழுக்க வாசிச்சன். வெக்கத்தில எனக்குக் கோபம்தான் வந்தது. "அண்ணை, எங்களுக்குத்தான் கதை வேணும். நீங்களுமா அதையே சொல்லுறது? உங்கட சொந்தக் கதையைச் சொல்லியிருக்கலாமே!" எண்டு கத்திப்போட்டன். அவர் ஏசேல்லை. பேந்து ஒருமாதிரி எல்லை தாண்டிப் பிரான்சுக்குப் போய்ச் சேந்தவர். நான் எழுதின ரெண்டு கடிதத்துக்கும் பதில் போட்டவர், இதைப் பற்றி ஒரு சொல் எழுதேல்லை. அண்டைக்கு, கடுதாசியை மடிச்சுத் தலையணைக்குக் கீழ வைச்சிட்டு, என்னைப் பாத்துச் சொன்னார்: "நான் வேறை எந்தக் கடையை எரிக்கிறது, தம்பி? என்னட்ட இருந்தது அது ஒண்டுதான்."

ஏழும் நாலும் பதினொரு வருசம் ஸ்டொப்பரா நிண்டதில நான் கோல் எண்டு அடிச்சது ஒரேயொரு தரம்தான், அதுவும் சேம்சைட்.