டூரிங் கொட்டகை வாசலில் செவிடன் வேலை

எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்த ஒரே மனிதர் செஞ்சி டூரிங் கொட்டகை முதலாளிதான். மற்ற எல்லாரும் 'ஐயோ பாவம்' என்றார்கள். அதைக் காதால் கேட்க வேண்டிய அவசியமில்லை. 'ஐயோ பாவம்' சொல்லும்போது தலை ஒரு பக்கம் சாயும், புருவம் ஏறும், கீழுதடு பிதுங்கும். நான்கு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது.

பதினேழு வயதில், எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்த கோடையில், ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் தப்பியது. தெரிந்தவர்கள் நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். மற்றவர்களுக்காக ஒரு சிலேட்டு வைத்திருந்தேன். என் நைனாவிடம் இந்த இரண்டு வழியும் நடக்கவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உதட்டைப் பார்க்கலாம் என்றால் மேலே மீசை கூரை மாதிரி கவிந்திருக்கும். அதை வெட்டிக்கொள்ளச் சொல்லும் துணிச்சல் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அதனால் அவர் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வார், அம்மா என்னிடம் சொல்வாள்.

இப்போது எங்களுக்கு மரியாதையான பெயர் இருக்கிறது, அட்டை இருக்கிறது, பஸ்ஸில் சலுகை இருக்கிறது, வேலையில் ஒதுக்கீடு இருக்கிறது. அறுபதுகளில் செவிடன் என்ற பெயர் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் வேலை தேடாமல் இருக்க முடியுமா? மாவட்டத் தலைநகரில் பெயர் பதிந்துகொள்ளும் ஆபீஸ் ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். பஸ் மாறிப் போனேன். அங்கே ஒருவர் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, என் சிலேட்டை வாங்கி, 'பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், அப்போது வா' என்று எழுதிக் கொடுத்தார். எழுதும்போது அவருக்கும் உறைக்கவில்லை, படிக்கும்போது எனக்கும் உறைக்கவில்லை. சாயங்காலம் ஜன்னலைச் சாத்தும்வரை உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டும் வராத திமிர் பிடித்தவன் என்று என்னைப் பற்றி நினைத்திருப்பார்கள்.

பிறகு பஜாரில் ஒரு மளிகைக் கடையில் சேர்த்துவிட்டார்கள். நான் பொட்டலம் கட்டத் திரும்பியிருக்கும்போது ஜனங்கள் என் முதுகிடம் துவரம்பருப்பு கேட்டார்கள். முதுகு பதில் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். அடுத்து மாட்டு வண்டி ஓட்டினேன். மாட்டுக்கும் எனக்கும் நன்றாக ஒத்துப்போனது. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்த பஸ்ஸுக்கும் எனக்கும்தான் ஒத்துப்போகவில்லை.

நைனா பஜாரில் ஒரு மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கினார். எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். அந்த மண்டிக்காரர்தான் திருவண்ணாமலை ரோட்டோரம் டூரிங் கொட்டகையும் போட்டிருந்தார். கொட்டகை தினமும் நிரம்பியது, வசூல் மட்டும் ஆகவில்லை. தாலுகா ஆபீஸ்காரர், போலீஸ்காரர், பஞ்சாயத்துக்காரர், முதலாளியின் மனைவி வழிச் சொந்தம் என்று பாதி ஊர் ஓசியில் உள்ளே போனது. வாசலில் யாரை நிறுத்தினாலும் பேசியே கவிழ்த்துவிட்டார்கள். ஒருநாள் முதலாளி நைனாவைக் கூப்பிட்டுப் பேசியதை அம்மா எனக்குச் சொன்னாள்.

"உன் பையனுக்குக் கொஞ்சமாச்சும் கேக்குமா?"

"சுத்தமா கேக்காது மொதலாளி."

"இடி இடிச்சா?"

"மின்னல பாத்துட்டுதான் எழுந்துக்குவான்."

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா? நாளைக்கே இட்டுக்கினு வா."

மறுநாள் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, பின்னால் மண்ணெண்ணெய் டின்னைத் தரையில் வைத்து அடித்துப் பார்த்தார். காலடியில் அதிர்ந்தது. திரும்பினால் வேலை போய்விடும் என்று கல்லாக நின்றேன். அப்போதுதான் அந்தச் சிரிப்பு. முன்னால் வந்து, நான் உதட்டைப் படிப்பதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"வாய பாக்காத. கைய பாரு. கைல டிக்கெட் இருந்தா உள்ள வுடு. இல்லன்னா கவர்னரே வந்தாலும் வுடாத."

ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியதும் குழாய் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார்கள். டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வருவதுதான் எனக்கு அந்தப் பாட்டு. வாசலில் வந்து நின்று வாய் வலிக்கப் பேசினார்கள். நான் கையைப் பார்த்தேன். முதலாளி மனைவிக்குச் சித்தப்பா முறை என்று அனந்தபுரத்திலிருந்து ஒருவர் வந்து, வம்ச வரலாற்றையே சொல்லியிருக்கிறார். நான் பார்த்தபோது அவர் கையில் வெற்றிலைப் பொட்டலம்தான் இருந்தது. அவர் கோபமாகத் திரும்பிப் போய் டிக்கெட் வாங்கி வந்தார். முதல் மாதச் சம்பளத்தோடு முதலாளி ஒரு வேட்டியும் கொடுத்தார். வீட்டில் அம்மா குழம்பை எனக்கு முதலில் ஊற்றினாள்.

கையைப் பார்க்கிறவன் என்று தெரிந்த பிறகு ஊர் சும்மா இருக்குமா? முதலில் ஆரம்பித்தது தாலுகா ஆபீஸ் டவாலிச் சேவகன். ஒருநாள் வந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, தோளில் நீளமாகப் பின்னல் ஒன்று போட்டுக் காட்டி, கொட்டகைக்குள் கையை நீட்டினான். பெண்டாட்டி உள்ளே இருக்கிறாள். இரண்டு கையிலும் குழந்தையை ஏந்தி ஆட்டினான். குழந்தை வீரிட்டு அழுதது. பால் புகட்டினான். குழந்தை அவன் மூக்கில் எட்டி உதைத்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கெஞ்சும் முகத்தோடு நின்றான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிலேட்டில் எழுதுகிறவர்கள் நாலு வார்த்தையோடு பல்பத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். காது போன பிறகு எனக்கு ஒருவர் முழுசாக ஒரு கதை சொன்னது அன்றுதான். உள்ளே விட்டேன். அவனுக்குக் குழந்தையே கிடையாது என்பது பிறகு தெரியவந்தது.

அதன்பின் ஊரே கையால் பேசக் கற்றுக்கொண்டது. ஓசியில் படம் பார்க்க வேண்டும் என்ற ஒரே உயர்ந்த நோக்கம்தான் காரணம். உள்ளே இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தி கொண்டுவந்ததாக ஒருவன் கையாலேயே பாடை கட்டினான். மாமியாரோடு போட்ட சண்டையை இரண்டு பேராகவும் நடித்துக் காட்டினாள் ஒருத்தி. யார் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கு அடையாளங்கள் வந்தன. தொப்பி வைத்தால் போலீஸ், கையில் ஊசி குத்தினால் கம்பவுண்டர், தராசைத் தூக்கிப் பிடித்தால் முதலாளி, பிடரியில் மூட்டை ஏற்றினால் என் நைனா. என்னைச் சொல்ல யாரும் காதைத் தொட்டுக் காட்டவில்லை. டிக்கெட் கிழிப்பதுபோல விரலை அசைத்தார்கள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று சொல்லி முடியாது.

இந்தப் பேச்சு வாசலோடு நிற்கவில்லை. பகலில் பஜாரில் நடந்தால் இந்தச் சாரியிலிருந்தும் அந்தச் சாரியிலிருந்தும் கைகள் என்னைக் கூப்பிட்டன. கீரைக்காரம்மா தன் மருமகளைப் பற்றிய புகாரை, மருமகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்குச் சொல்லி முடித்துவிடுவாள். நன்றாகக் கதை சொன்னவர்களை நான் உள்ளே விட்டேன், மோசமாகச் சொன்னவர்களைத் திருப்பி அனுப்பினேன். இதில் எனக்கு இன்றுவரை எந்த வருத்தமும் இல்லை. சினிமாவே அதைத்தானே செய்கிறது?

முதலாளிக்குத்தான் வருத்தம். கொட்டகை பழையபடி நிரம்பி, வசூல் பழையபடி இறங்கியது. ஒரு காலையில் என்னை மண்டிக்கு வரவழைத்தார். கோபத்தில் உதட்டை வேகமாக அசைத்ததால் முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதைக் கண்டுகொண்டு, இன்னும் கோபமாகி, மெதுவாகத் திட்டினார். மெதுவாகத் திட்டுவது மிகக் கஷ்டமான காரியம். மனிதருக்கு வியர்த்துவிட்டது.

"காது கேக்காதுன்னுதான உன்ன வெச்சேன்? இப்ப ஊர்ல எல்லாரும் உன்கிட்டதான் பேசறான்! என்கிட்ட கூட எவனும் இவ்ளோ பேசறதில்ல!"

பிறகு தீர்ப்புச் சொன்னார். அன்று மாலை முதல் ஆட்டத்துக்கு வாசலை ஒட்டிய மூங்கில் தட்டிக்குப் பின்னால் அவரே நிற்பார். டிக்கெட் இல்லாமல் ஒரே ஒரு ஆள் உள்ளே போனாலும் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சம்பளம் போகும் என்பது மட்டுமல்ல. வாசலை விட்டுப் போனால் ஒரு மாதத்தில் ஊர்க் கைகள் எல்லாம் கீழே இறங்கிவிடும், தலைகள் மறுபடி ஒரு பக்கம் சாயும். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

அன்று மாலை வந்தவர்களுக்குத் தட்டிக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியாது. அவரவர் சரக்கை அவிழ்த்தார்கள். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் உள்ளங்கையை நீட்டினேன். பாம்பு கடித்துச் செத்துப் பிழைத்த ஒருவனைக்கூடத் திருப்பி அனுப்பினேன். மனசு அடித்துக்கொண்டது, அவ்வளவு நன்றாகச் செத்தான்.

படம் போடப்போகும் நேரத்தில் நைனா வந்தார். மண்டியிலிருந்து நேராக வந்திருந்தார், தோளெல்லாம் மல்லாட்டைத் தூசி. "எம்மவன் வாசல்ல நிக்கறான், எனக்கு இன்னா டிக்கெட்டு?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். வரிசையைத் தாண்டி, என்னையும் தாண்டி உள்ளே நடந்தார். நான் குறுக்கே கையை வைத்தேன்.

மீசை மேலும் கீழும் ஆடியது. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, வரிசையில் இருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அவருடைய கையைப் பார்த்தேன். அது சும்மா தொங்கியது. ஊரெல்லாம் கற்றுக்கொண்ட பேச்சை இவர் ஒருவர்தான் கற்றுக்கொள்ளவில்லை. வரிசையிலிருந்து யாரோ அவர் தோளைத் தட்டி, கையால் சொல்லும்படி காட்டினார்கள்.

மூட்டை தூக்கப் போகிறவர்போல இரண்டு கையையும் ஒருதரம் தேய்த்துக்கொண்டார். என்னைச் சுட்டிக்காட்டினார். குனிந்து எதையோ முதுகில் ஏற்றினார். நின்ற இடத்திலேயே நடந்தார், நின்றார், வியர்வையை வழித்துப் போட்டார், மறுபடி நடந்தார். ஊரிலேயே மோசமான நடிப்பு அதுதான். வரிசையில் இருந்தவர்கள் மல்லாட்டை மூட்டை என்று முடிவு செய்து, அதற்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அவர் நெற்றியில் புறங்கையை வைத்து, சுட்டதுபோல உதறினார். முதுகில் இருந்ததை மெதுவாக இறக்கிக் கட்டிலில் போட்டு, அதன் கையில் ஊசி குத்திக் காட்டினார். பக்கத்திலேயே தரையில் குந்தி, கன்னத்தில் கை வைத்து, கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் புரிந்தது. காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தவன் எப்படி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தான் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நைனா எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, கொட்டகையைக் காட்டினார். அவ்வளவு தூரம் உன்னைத் தூக்கிக்கொண்டு போனேனே, இப்போது விடுவாயா மாட்டாயா என்று முகத்தை நீட்டினார்.

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. தட்டிக்குக் கீழே முதலாளியின் செருப்பு தெரிந்தது. என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. நான் உள்ளங்கையை நீட்டினேன். டிக்கெட்.

அவர் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் போய், இடுப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்து, ஒரு தரை டிக்கெட் வாங்கி வந்து என் உள்ளங்கையில் அறைந்தார். நான் கிழித்து அவர் பாதியைக் கொடுத்தேன்.

முதலாளி தட்டிக்குப் பின்னாலிருந்து துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பெத்தவனையே வுடமாட்டேங்கறான்டா! இவன் இருக்கட்டும்!" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார். எனக்குப் புரியவில்லையோ என்ற சந்தேகத்தில், என்னைக் காட்டி, வாசலைக் காட்டி, தரையில் ஒரு முளை அடித்துக் காட்டினார். முதலாளிக்கும் கைப்பேச்சு வந்துவிட்டது.

எல்லாரும் உள்ளே போய்ப் படம் ஆரம்பித்தது. நைனா போகவில்லை. வாசல் பல்பு வெளிச்சத்தில் என் எதிரே வந்து நின்று, கையை உயர்த்தித் திட்ட ஆரம்பித்தார். காய்ச்சலுக்கு முன்னால் நாளெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர். வேட்டியை இப்படியா கட்டுவது, கொல்லையில் வேலி சாய்ந்து கிடக்கிறது கண் தெரியவில்லையா, அம்மாவுக்கு ஒரு குடம் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாயா, அப்பனிடமே டிக்கெட் கேட்கிறாயா என்று நாலு வருஷத்துப் பாக்கியும் வந்தது. ஒன்றுவிடாமல் எனக்குப் புரிந்தது. இடைவேளையில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.