அவன் கார்டு, மேஸ்திரி பை

ஓசூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்குள் சோபாவைத் தலையில் சுமந்து போக வேண்டுமென்றால், முதலில் கேட்டில் ஆதார் கார்டைக் கொடுக்க வேண்டும். ஜெராக்ஸ் ஆகாது, ஒரிஜினல். வேலை முடிந்து வெளியே வரும்போதுதான் திருப்பித் தருவார்கள். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் தெருவில் யாராவது வீடு மாறினால், பீரோவுக்கு மறுபக்கம் பிடிக்கிறவன் யார் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். டீ குடித்தானா என்றுதான் கேட்பார்கள். உடனே, ஊர்ப் பெருமை பேச வந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர் லட்சணத்துக்கும் வருகிறேன்.

ஜூஜுவாடியில், கர்நாடக எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில், வீட்டுச் சாமான்களைக் கட்டி ஏற்றி இறக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். புக்கிங், வண்டி, ஆள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். வண்டிகள் எங்களுடையவை. சுமக்கிற ஆட்களை மஞ்சு என்கிற உள்ளூர் மேஸ்திரி அனுப்புகிறார்; இந்தப் பக்கம் மஞ்சு ஆம்பளைப் பெயர். எல்லாரும் வங்காளம், ஒடிசா பக்கத்துக்காரர்கள். மஞ்சுவின் ஷெட்டில்தான் படுக்கை. மஞ்சு தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் திட்டி, தமிழில் முடிக்கிற ரகம். கேட்டில் ஒவ்வொருத்தனும் கார்டைத் தேடிக்கொண்டு நிற்பதில் நேரம் போகிறது என்று எங்கள் முதலாளிதான் ஒருநாள் சொன்னார்: "எல்லார் கார்டையும் நீயே மொத்தமா வெச்சிக்க மஞ்சு." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மஞ்சுவின் இடுப்புப் பைக்குள் போன கார்டுகள் அதன்பிறகு சொந்தக்காரன் கைக்கு வரவே இல்லை. காலையில் பையிலிருந்து கேட்டுக்கு, மாலையில் கேட்டிலிருந்து பைக்கு. அவ்வளவுதான் அவற்றின் பயணம்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு பெரிய தொழிற்சாலை, தன் அதிகாரிகள் வீடு மாறுகிற வேலையை எங்களுக்குத் தர முன்வந்தது. ஒரே நிபந்தனை: நாங்களோ, எங்களுக்கு ஆள் தருகிறவரோ யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது. விசாரிக்க ஓர் இளம் அதிகாரி காரில் வந்து இறங்கினார். கொத்தடிமை முறைக்கு இங்கே இடமில்லை என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சடித்த போஸ்டரைச் சுவரில் ஒட்டச் சொன்னார். சுமக்கிறவர்களில் ஒருத்தனுக்கும் அந்த இரண்டில் ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. பிறகு அவர்களை வரிசையாக நிறுத்தி, "ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்டார். மொழிபெயர்த்தது யார்? மஞ்சுவேதான்! ஆட்கள் மஞ்சுவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். "ரொம்ப சந்தோஷமா இருக்காங்க சார்" என்றார் மஞ்சு. அதிகாரி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வரிசையில் நின்று சிரித்தவர்களில் ஒருவன் ரஃபிக். வங்காளத்தில் மால்டா பக்கத்தவன். ஒரு மாதக் கடைசியில் என் மேசைக்கு முன்னால் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "தீதி, கார்ட் நஹீ தேதா." அக்கா, மேஸ்திரி கார்டைத் தர மாட்டேன் என்கிறார். மனைவிக்குத் தலைப்பிரசவம். நாள் நெருங்கும் முன்பே ரத்தம் போகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், பிழைப்பாளா என்று தெரியாது. அவன் உடனே கிளம்ப வேண்டும். மாதக் கடைசியில்தான் ஊரெல்லாம் வீடு காலி செய்யும், அதனால் அது முடிந்ததும் போகலாம் என்கிறார் மஞ்சு. கார்டு இல்லாமல் ஓடிப்போகவும் பயம். வங்காள மொழி பேசுகிறவன், கையில் கார்டு இல்லையென்றால் பங்களாதேஷி என்று எங்கேயாவது பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள்.

முதலாளியிடம் ஓடினேன். "சும்மா இரும்மா. மன்த் எண்டு. மஞ்சு ஆள் அனுப்பலன்னா வண்டிங்க எல்லாம் நின்னுடும். கார்டு பத்திரமாதானே இருக்குது?" என்றார்.

பத்திரம்! என் அண்ணனை நாக்பூருக்கு முறுக்குப் பிழியக் கூட்டிக்கொண்டு போனவனும் வேற்று ஆள் இல்லை, எங்களுக்கு முறை சொல்லிப் பழகிய பக்கத்து ஊர்க்காரன். போய் இறங்கியதும் அண்ணன் கார்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டான். அப்பா செத்தபோது அண்ணனை விடவில்லை. அம்மா அந்த ஆளின் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "எம் புள்ளயக் கொள்ளி வைக்க விடாமப் பண்ணிட்டியேடா, நீ நல்லா இருப்பியா!" ஊரே கூடி அழுதது. அப்படி அழுத ஊரிலிருந்து ஓசூருக்கு வந்தவர்களே இன்று, "இந்திக்காரனுங்கள இப்படிப் பிடிச்சு வச்சாத்தான் நிப்பானுங்க" என்கிறார்கள். நமக்கு நடந்தால் அநியாயம், நாம் செய்தால் பத்திரமா? சொல்ல வாய் கூசவில்லையா உங்களுக்கு?

மறுநாள் தளி ரோட்டில் ஒரு குடியிருப்பில் வேலை இருந்தது. நான் ஆபீசுக்குப் போகாமல் நேரே அங்கே போனேன். மஞ்சுவின் பையை விட்டுக் கார்டுகள் வெளியே வருகிற ஒரே இடம் வாசல் கேட்டுதான். அவர் கட்டாகக் கொடுத்துவிட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்ததும், வேலைக்கு வந்திருந்த ரஃபிக்கைக் கூட்டிக்கொண்டு செக்யூரிட்டியிடம் போய் நின்றேன்.

"அண்ணே, ரஃபிக் கார்டக் குடுங்க. அவரு இன்னைக்கு வேலை செய்யல, ஊருக்குப் போறாரு."

"மேஸ்திரி கிட்டதாம்மா குடுப்போம். எப்பவும் அப்படித்தான்."

"கார்டுல இருக்கிறது மேஸ்திரி மூஞ்சியா?"

அவர் கார்டையும் ரஃபிக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எடுத்து ரஃபிக் கையிலேயே கொடுத்தார். அவன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓடினான். நல்ல காலம், ஓடினான்.

மஞ்சு டீ கிளாஸோடு ஓடி வந்தார். "ஏய், சும்னிரம்மா, சும்மா இரு! பொழைக்க வந்த இடத்துல எங்களுக்கே நாட்டாமையா? நீயும் வெளியூர்க்காரிதானே?"

"ஆமாய்யா, வெளியூர்க்காரிதான்! அதனாலதான் கேக்குறேன்!" என்று கத்தினேன். கட்டிலைப் பாதிப் படியில் இறக்கி வைத்துவிட்டு மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அன்று மாலை செக்யூரிட்டி அவர்கள் கார்டுகளையும் அவரவர் கையிலேயே கொடுத்தாராம். வாங்கியவர்கள் ஒவ்வொருவராகப் போய் மஞ்சுவின் பையிலேயே போட்டார்களாம். படுக்க வேறு இடம் ஏது? கேட்டபோது எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில். விஷயம் ஆறும்வரை ஆபீஸ் பக்கம் வர வேண்டாம் என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார்.

முதலாளி என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்ட பிறகு, ஒருநாள் ரஃபிக் போன் செய்தான். பெண் குழந்தை. இரண்டு உயிரும் பிழைத்துவிட்டன. அடுத்த மாதக் கடைசிக்கு வேலைக்கு வரலாமா என்று கேட்டான்.

"வாங்க. ஆனா கார்டை மட்டும் யார்கிட்டயும் விட்டு வைக்காதீங்க" என்று என் அரைகுறை இந்தியில் சொன்னேன்.

"அப்போ கேட்டுல எப்படி தீதி உள்ள விடுவாங்க?"

"நம்ம ஊர்தானே, வாங்க. கேட்டுல நான் நிக்கிறேன்."

நம்ம ஊர் என்று சொல்லிவிட்டேன். மஞ்சு என்னை வெளியூர்க்காரி என்று விரட்டியது இன்னும் ஆறவில்லை. உசிலம்பட்டிக்குப் போனாலும் "எப்ப வந்த, எப்பப் போற?" என்றுதான் கேட்கிறார்கள். போகட்டும். இரண்டு ஊருக்கும் நான் வாசலோடு சரி. அந்த வாசலில்தான் கார்டு கைமாறுகிறது என்றால், அங்கேயே நிற்கிறேன், எவன் கை நீட்டுகிறான் பார்க்கலாம்.