புன்னைத்திட்டு நோட்டில் ஒரு பெயர்

திருத்தணி மலையடிவாரத்தில், படிக்கட்டு தொடங்கும் இடத்துக்கு எதிரே பூக்கடை வைத்திருக்கிறாள் தேவயானி. விடிந்ததும் அவளுக்கு முதல் வேலை, புதிதாகத் தொடுத்த மல்லிகையில் ஒரு முழம் கிள்ளித் தன் தலையில் வைத்துக்கொள்வது. நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு, கழுத்தில் தாலி. புருஷன் கடலுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இன்னும் திரும்பவில்லை.

'பாவம், நம்பிக்கினு கிடக்கிறா' என்று கடைத்தெருவில் பேசுவார்கள். பேசுகிறவர்களுக்கென்ன, வாயா வலிக்கப் போகிறது.

அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் புன்னைத்திட்டில். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நாற்பதே வீடுகள் உள்ள தீவு. அந்த ஊருக்குக் கல்வெட்டும் கிடையாது, செப்பேடும் கிடையாது. அதன் சரித்திரம் முழுக்க ஒரு பழைய நோட்டில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு ஆண் பெயர். பெயர் உள்ளவன்தான் முறை வைத்து வலை போடலாம். அப்பன் செத்தால் அந்த இடத்தில் மகன் பெயர் ஏறும். கட்டுமரக் காலத்திலிருந்து இதுதான் வழக்கம். கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால், 'இனி வரமாட்டார்' என்று பெண்டாட்டி தன் வாயால் சொல்லித் தாலியைக் கழற்றும்வரை அவன் பெயரை யாரும் அடிக்கக் கூடாது. கருமாதியும் செய்யக் கூடாது.

தேவயானி சொல்லவில்லை. புருஷன் ஜெகநாதன் காணாமல் போன மாதமே, பதினோரு வயது மகன் அருளைக் கையில் பிடித்துக்கொண்டு, கடலே கண்ணில் படாத திருத்தணிக்கு வந்துவிட்டாள்.

திட்டு ஜனங்கள் விடுவார்களா? தலைமுறை தலைமுறையாக ஆடிக் கிருத்திகைக்கு இங்கே காவடி எடுக்கிறவர்கள். வருஷா வருஷம் வேன் வந்து நிற்கும். கொழுந்தன் அரசு காவடியை இறக்கிவைத்த கையோடு கடைக்கு வருவான்.

"அண்ணி, இன்னா முடிவு பண்ணீங்க?"

"வருவாருப்பா," என்பாள் அவள்.

இந்த வருஷம் அரசுவோடு அருளும் வந்து நின்றான். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறான். வாரத்தில் பாதி நாள் தறி நின்றுகிடக்கிறது. அந்த நாட்களில் அவன் சித்தப்பாவோடு கடலுக்குப் போய்வந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு. தறியில் பட்டது என்று அவளிடம் புளுகியிருந்தான்.

"நைனா எடத்துல என் பேரை எழுதச் சொல்லும்மா."

"உங்க நைனா வரட்டும்."

"அவரு வரமாட்டாரும்மா. உனக்கே தெரியும்."

தேவயானி நாரைக் கீழே வைத்தாள். சரவணப் பொய்கைப் பக்கம் தெப்பத்துக்கு மேளம் கேட்டது.

"தெரியும்டா," என்றாள். "நாலாம் நாளே தெரியும்."

நாலாம் நாள் விடியலில் கரையோரம் தேடி நடந்தவளின் காலில் தட்டுப்பட்டது ஜெகநாதனின் பச்சை பெல்ட். கடலில் அவன் ஒருநாளும் கழற்றாத பெல்ட். அதன் பையில் திருத்தணி விபூதிப் பொட்டலம் கரைந்து கிடந்தது. அழ வாயெடுத்தவளுக்கு மகன் முகம் ஞாபகம் வந்தது. இதை ஊருக்குக் காட்டினால் பதினாறாம் நாளே நோட்டில் மகன் பெயர் ஏறிவிடும். கையாலேயே மணலைத் தோண்டிப் புதைத்தாள். செத்த புருஷனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கவிடாமல், பதினோரு வருஷம் மகனைக் கரையில் நிறுத்தியிருந்தாள்.

அவள் சொல்லி முடித்தபோது அரசு தரையில் உட்கார்ந்துவிட்டான். "எங்க அண்ணனுக்கு ஒரு வாய் தண்ணி கூட..." என்றவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

"நீ தாலியக் கயட்ட வேணாம்மா," என்றான் அருள். "நான் தறிக்கே போறேன்."

அவள் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நீ போவாம இருக்க மாட்டடா. எனக்குத் தெரியாம போவ. அது இன்னும் மோசம்."

தலைப்பூவை எடுத்துக் கூடையில் போட்டாள், தாலியைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். பிறகு அரசுவிடம், "எழுதிக்கோப்பா. அவரு இனிமே வரமாட்டாரு," என்றாள். சொன்ன பிறகுதான் அழுதாள், பதினோரு வருஷத்து அழுகையையும் சேர்த்து.

மறுநாள் காலை, வேன் கிளம்புமுன் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பச்சை பெல்ட் வாங்கி வந்தாள். உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் 'அருள், ஜெகநாதன் மகன், புன்னைத்திட்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். தன் கையாலேயே அவன் இடுப்பில் மாட்டிவிட்டாள்.

"கடல்ல இத்த கயட்டாத."

"பேரு எதுக்கும்மா?"

"கண்டெடுக்கிறவங்க எனக்குச் சொல்லி அனுப்பணும் இல்ல," என்றாள் தேவயானி. "என்னாட்டம் மணல்ல பொதச்சிடக் கூடாது."