கிறேஸ் அக்காவிடம் விட்டுப்போன மோட்டார்சைக்கிள்

மடத்துவெளியில் என் சித்தப்பா வீட்டு வளவில், நீலத் தறப்பாள் சுற்றி நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு மூட்டை நின்றது. அது என் மோட்டார்சைக்கிள். மூன்று வருடம் வெளிநாடுகளில் திரிந்துவிட்டு வந்து சேர்ந்த மறுநாள் காலை, சித்தப்பா பாலசிங்கம் அதை எனக்கு அவிழ்த்துக் காட்டினார். சைலன்சரின் அடியில் விரல் போகும் அளவுக்கு ஓட்டை. பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தால் உள்ளே செங்கல் நிறத்தில் துரு. செயின் ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தது.

"பார் பிள்ளை, அந்த ஊர்காவற்றுறைக்காரி செய்து வைச்ச வேலையை. பற்றரியைக் கழட்டி வித்துப்போட்டாள். பெற்றோலை உறிஞ்சி எடுத்துப்போட்டாள். நான் போய் ஏத்திக்கொண்டு வராட்டி உனக்கு இந்த இரும்பும் மிஞ்சியிராது" என்றார்.

அந்த ஊர்காவற்றுறைக்காரியின் பெயர் கிறேஸ். என் வீட்டார் ஒரு வருடமாக, எனக்குச் சொல்லாமல், அவரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அவரைப் பற்றி ஒன்றும் தெரியாமலே பேசியிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிறேஸ் அக்காவுக்குப் பத்து வயதாக இருந்தபோது, தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில், தீவுச் சனம் எல்லாம் யாழ்ப்பாணப் பக்கம் ஓடியது. வள்ளத்தில் ஆட்களுக்கே இடமில்லை. அவருடைய தகப்பன் படகு எஞ்சினைக் கழற்றி, எரிபொருளை ஒரு துளி விடாமல் இறக்கி, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, எண்ணெயில் ஊறிய சாக்கால் சுற்றி, ஒரு பீப்பாவுக்குள் இறக்கி வளவுக்குள் புதைத்தார். சாக்குக்கு எண்ணெய் பூசியவை கிறேஸ் அக்காவின் சின்னக் கைகள். ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, நிலையும் கதவும் இல்லை. பீப்பா மட்டும் கிடந்தது. ரப்பர் சாமான்களை மாற்றியதும் எஞ்சின் இயங்கியது. அந்த எஞ்சினை வைத்துத்தான் அந்தக் குடும்பம் மறுபடி சோறு தின்றது.

பிறகு அவர் சில்வெஸ்ரரைக் கலியாணம் செய்தார். சில்வெஸ்ரர் அண்ணை கடலுக்குப் போவார். எஞ்சின் அக்காவின் பொறுப்பு. சோளகக் காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் எஞ்சின்கள் கரைக்கு வரும். முதலில் தங்கள் எஞ்சினை மட்டும் பேணினார். பிறகு பக்கத்து வீட்டாரின் எஞ்சினும் வந்தது. கடைசியில் கடற்றொழிலாளர் சங்கம் தன் கொட்டிலின் பூட்டுத் திறப்பையே அவரிடம் கொடுத்தது. பதினொரு வருடம் அந்தத் திறப்பு அவருடைய வாசற்கதவின் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கியது. இருபத்தேழு எஞ்சின்கள் அவரை நம்பிக் காற்று அடங்கும்வரை மரக்குதிரைத் தாங்கிகளில் தூங்கின.

நான் அந்தக் கரையில் நண்டுக் கணக்கு எழுதும் வேலையில் இரண்டு வருடம் இருந்தேன். கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதி றோட்டால் போகும்போது இரு பக்கமும் கடல் தெறிக்கும். மோட்டார்சைக்கிளின் கீழ்ப்பகுதி எல்லாம் உப்புப் படிந்து வெள்ளையாக இருக்கும். அதைப் பார்த்த முதல் நாளே கிறேஸ் அக்கா கேட்டார்: "என்ன பிள்ளை, நீர் றோட்டாலை வந்தனீரோ, கடலுக்குள்ளாலை வந்தனீரோ?" கேட்டுவிட்டு ஒரு வாளி நல்ல தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். தீவில் நல்ல தண்ணீர் பவுசர் லொறியில்தான் வருகிறது. சொந்தக்காரரின் வாகனத்துக்குக்கூட யாரும் அப்படி ஊற்றமாட்டார்கள்.

வெளிநாட்டுக்குப் புறப்பட்டபோது மோட்டார்சைக்கிளை அவரிடம் விட்டேன். எங்கள் வளவில் இடம் சும்மா கிடக்கும்போது ஏன் அங்கே கொண்டுபோய் விடுகிறாய் என்று சித்தப்பாவுக்குக் கோபம். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அக்கா அதை எப்படி வைக்கப்போகிறார் என்று அவரிடம் விளக்கவும் இல்லை. அது என் பிழை, அதை மறைக்கவில்லை.

அக்கா செய்தது, எஞ்சினுக்குச் செய்வதேதான். ஒரு பீப்பாத் தண்ணீர் முழுவதையும் செலவழித்து உப்புப் போகக் கழுவினார். பெற்றோலை இறக்கினார், காபரேற்றரில் நின்றதையும் இறக்கினார். பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, இரண்டு தரம் மெல்ல உதைத்துச் சுழற்றி, திரும்பப் பூட்டினார். சில்லுகள் நிலத்தில் படாமல் கட்டைமேல் ஏற்றினார். சைலன்சர் வாயைச் சீலையால் அடைத்தார். மேலே பழைய பருத்திச் சேலை; தறப்பாள் போட்டால் உள்ளே வேர்க்கும் என்பார். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள், படகு விளக்கின் பற்றரிக்குப் பக்கத்தில் வைத்தார். இதையெல்லாம் போனில் எனக்குக் காட்டியும் இருந்தார்.

போன வருடம் சித்தப்பா ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போனவர், வழியில் எட்டிப் பார்த்திருக்கிறார். சேலையைத் தூக்கினார். பற்றரி இல்லை. மூடியைத் திறந்தார். பெற்றோல் இல்லை. அவ்வளவுதான். கேற்றடிக்கு வந்து நின்று, மீன் விற்கிற சனம், பஸ்ஸுக்கு நிற்கிற சனம் எல்லாம் கேட்க, கள்ளி என்று கத்தினார். பற்றரி உள்ளே இருக்கிறது, கொண்டு வருகிறேன் ஐயா என்று அக்கா சொல்லியிருக்கிறார். எந்தப் பழசை என் தலையில் கட்டப் பார்க்கிறாய் என்று சித்தப்பா கேட்டிருக்கிறார். அவரைவிட இருபது வயது குறைந்தவர்தான் அக்கா. ஆனாலும் மூன்று பிள்ளைகளின் தாய். அவரை நீ, போ என்று பேசியதைச் சித்தப்பா என்னிடம் பெருமையாகவே சொன்னார்.

பிறகு உழவு மெசின் பெட்டியில் ஏற்றி வந்து, புதுப் பற்றரி போட்டு, பாதித் தாங்கி பெற்றோல் விட்டு, கடற்காற்று நேரே அடிக்கும் இடத்தில் தறப்பாளால் மூச்சுவிட வழியில்லாமல் கட்டி வைத்தார். ஒவ்வொரு நாள் காலையும் அவிழ்த்து, இரண்டு நிமிடம் நின்ற இடத்தில் ஸ்ராட் பண்ணிவிட்டு நிறுத்தினார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள். வெளிநாடு போன பிள்ளையின் மோட்டார்சைக்கிளை நாள்தோறும் உறுமவைத்தால் அது உயிரோடு இருக்குமாம். இரண்டு நிமிடத்தில் எஞ்சின் சூடாகாது. சைலன்சருக்குள் தண்ணீர் பிடித்து நிற்கும். அந்தத் தண்ணீர்தான் அதைத் தின்றது. ஒரு மாரிகாலம் போதுமாக இருந்தது.

நான் பஸ் எடுத்து ஊர்காவற்றுறைக்குப் போனேன். வாசலில் ஆணி இருந்தது, திறப்பு இல்லை. கேற்றடிக் கூச்சலுக்கு அடுத்த வாரமே சங்கச் செயலாளர் சுதன் வந்து, சனம் கதைக்கிறது அக்கா, கொஞ்ச நாளைக்கு நான் வைத்திருக்கிறேன் என்று கழற்றிப் போயிருக்கிறார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. வேறு யாரோ கொட்டிலைப் பார்த்தார்கள். போன சோளகத்தில் ஐந்து எஞ்சின் இறுகிப்போனது. இந்த வருடச் சோளகத்துக்கு இன்னும் மூன்று வாரம். அதற்குள் திறப்பு அக்காவிடம் திரும்பி வராவிட்டால் சங்கம் அந்த வேலையை எழுத்தில் வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறது.

அக்கா உள்ளே போய் என் பற்றரியைக் கொண்டுவந்து கதிரையில் வைத்தார். அதில் ஒரு காட்போட் மட்டை கட்டியிருந்தது. மட்டையில் பவதாரணி என்று என் பெயர். அதற்குக் கீழே சார்ஜ் போட்ட மாதங்கள், ஒன்றுவிடாமல். மோட்டார்சைக்கிளைச் சித்தப்பா ஏற்றிக்கொண்டு போன மாதத்தைத் தேடினேன். அந்த மாதமும் இருந்தது. அதற்குப் பிறகு வந்த பதின்மூன்று மாதங்களும் இருந்தன.

ஏன் எனக்கு ஒரு போன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"எடுத்து என்னத்தைச் சொல்லுறது? நான் களவெடுக்கேல்லை எண்டோ? அப்பிடிச் சொல்லுற நிலைமைக்கு நான் ஏன் வரவேணும், பிள்ளை?"

அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லியிருப்பேன். அவர் அழவில்லை. நான் சித்தப்பாவைக் கூட்டிவந்து மன்னிப்புக் கேட்கவைக்கிறேன் என்றேன். வீட்டுக்குள் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுச் சொல்லும் மன்னிப்பு வேண்டாம் என்றார். "கேற்றிலை கத்தினவர். கேற்றிலை சொல்லட்டும்."

பற்றரியைக் கொண்டுவந்து சித்தப்பாவின் மேசையில் வைத்தேன். மட்டையை அவர் கண்ணாடி போட்டு வாசித்தார். நெடுநேரம் வாசித்தார். பிறகு, தெரியாமல் சொல்லிவிட்டேன், நீயே போய் ஒரு சொல்லுச் சொல்லிவிடு என்றார். கத்துமுன் அவரிடம் ஏன் என்று கேட்டிருக்கலாமே என்றேன்.

"அந்தச் சனத்திட்டைப் போய் நான் கேக்கிறதோ?"

என் மோட்டார்சைக்கிள், பதினொரு வருடம் தொங்கிய ஒரு திறப்பு இரண்டும் போனது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். ஒரு கேள்வி கேட்பதற்கு அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கத்துவதற்கு மட்டும் கொடுத்தது.

நான் வெளியே போய்த் தறப்பாளை உருவி எறிந்தேன். மோட்டார்சைக்கிளை உருட்ட முடியவில்லை. இழுத்துக்கொண்டு போய்ச் சித்தப்பாவின் படலைக்கு வெளியே, றோட்டோரம் நிறுத்தினேன். அது கோயிலுக்குப் போகும் வழி. பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன். என்ன பிள்ளை, இப்படித் துருப்பிடிச்சுப் போச்சு என்று கேட்காமல் யாரும் போகவில்லை. கேட்ட ஒவ்வொருவருக்கும் முழுவதையும் சொன்னேன். மட்டையையும் காட்டினேன். முதல் நாள் சித்தப்பா வீட்டுக்குள்ளிருந்து அதட்டினார். இரண்டாம் நாள் சித்தி வந்து, நீ வெளிநாட்டிலை வெக்கத்தையும் வித்துப்போட்டியோ என்றார். மூன்றாம் நாள் தபாற்காரர் கேட்டுவிட்டு, தன் வீட்டிலும் மகனின் மோட்டார்சைக்கிளைத் தறப்பாளால்தான் கட்டியிருக்கிறோம் என்று பதறிக்கொண்டு போனார். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் சித்தப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்து நின்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து சனம் வேதக் கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. சுதனும் அந்தக் கூட்டத்துக்குள் நின்றார். அக்கா முற்றத்தில் நின்று தலைமுக்காட்டை மடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா கேற்றைப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்து, எதையோ முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் விளங்கியது.

அக்கா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"கேக்கேல்லை, அண்ணை. அண்டைக்குச் சொன்ன மாதிரிச் சொல்லுங்கோ."

நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சித்தப்பாவின் கழுத்து சிவந்தது. திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போனால் என்ன செய்வதென்றும் யோசித்துவிட்டேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"கிறேஸ் களவெடுக்கேல்லை. பற்றரி பத்திரமாய் இருந்தது. நான் சொன்னது பிழை" என்றார். பிறகு, "மோட்டார்சைக்கிளைப் பழுதாக்கினதும் நான்தான்" என்றார். அதை யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

அக்கா தலையை ஆட்டினார். உள்ளே வரச் சொல்லவில்லை.

சுதன் தன் சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து நீட்டினார். அக்கா கையை நீட்டவில்லை. எங்கையிருந்து எடுத்தீரோ அங்கை கொழுவும் என்றார். சுதன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி அதை ஆணியில் கொழுவினார்.

பிறகுதான் அக்கா என் பக்கம் திரும்பினார். அந்த மோட்டார்சைக்கிளை ஏற்றிக்கொண்டு வாரும், என்ன மிச்சமிருக்கு எண்டு பாப்பம் என்றார். கழுவ ஒரு பீப்பா நல்ல தண்ணீர் வேண்டும், தன்னிடம் வீட்டுக்கே அளவாகத்தான் இருக்கிறது என்றார். இதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் கேற்றடியில் நின்ற சித்தப்பாவுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.