களியில் கலந்த மாத்திரை

கேழ்வரகுக் களியில் வெள்ளையாக எதைப் போட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வாழ்நாள் முழுக்கக் களி கிண்டிய கை அது. ஆனாலும் அன்று மத்தியானம் அண்ணன் உருண்டையைப் பிட்டபோது, கருத்த களிக்குள் துணுக்குத் துணுக்காக வெள்ளை தெரிந்தது. அவசரத்தில் அம்மா மாத்திரையைச் சரியாகப் பொடிக்கவில்லை. அவன் கத்துவான், தட்டை விசிறியடிப்பான் என்று நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவன் கத்தவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னது நெசந்தான?" என்று மெதுவாகக் கேட்டான். கத்தியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நல்லம்பள்ளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகையும் உண்டு. அப்பா போன பிறகு எல்லாம் அண்ணன் பொறுப்புத்தான். புழுக்கள் தோலுரித்ததும், நோய் வராமலிருக்க அவற்றின் மேல் வெள்ளைப் பொடி தூவுவோம். வருஷக்கணக்காக அவன் கையாலேயே தூவிய பொடி. திடீரென்று ஒருநாள், அந்தப் பொடியைத் தன் சோற்றில் யாரோ போடுகிறார்கள் என்று ஆரம்பித்தான். தூக்கம் போயிற்று. ஆளே இல்லாத மூலையைப் பார்த்துப் பதில் பேசினான். கெஞ்சிக் கூத்தாடி ஒரேயொரு முறை தருமபுரிக்கு அழைத்துப்போனோம். டாக்டர் பொறுமையாகப் பேசி மாத்திரை எழுதிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும், "எனக்கு என்னா நோவு? நோவெல்லாம் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டான். அதோடு சரி. வற்புறுத்தினால், தழை அறுக்கும் அரிவாளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வான். தன்னை வெட்டிக்கொள்வானோ, வெளியே வந்து எங்களை வெட்டுவானோ என்று கதவுக்கு இந்தப் பக்கம் நிற்போம். அந்தப் பயத்தில்தான் அம்மா களியில் கலந்தாள். பெற்றவளை என்னவென்று சொல்வது?

அதற்குப் பிறகு அவன் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடத் தொடவில்லை. தோட்டத்தில் தானே பறித்த கொய்யாக்காய், தானே பிடுங்கிய வேர்க்கடலை, அவ்வளவுதான். சட்டை தோளிலிருந்து நழுவும் அளவுக்கு இளைத்துப்போனான். அரிவாள் பயம் போய், இவன் பட்டினியாலேயே செத்துப்போவான் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று ஒருநாள் மாத்திரை அட்டையோடு நேராகக் கொட்டகைக்குப் போனேன். "அண்ணா, அம்மா கலந்தது இதத்தான். டாக்டர் குடுத்த மாத்தர. வெசமெல்லாம் இல்ல. இனிமே உனக்குத் தெரியாம ஒண்ணும் போடமாட்டோம்" என்றேன்.

"வெசம் இல்லைனா, எங்க, நீ முழுங்கு பாக்கலாம்."

ஐயோ, அதை நான் எதிர்பார்க்கவில்லை. இன்னொருவருக்குக் கொடுத்த மருந்து, என்னை என்ன செய்யுமோ! தயங்கினால் அவன் என்றைக்கும் நம்ப மாட்டான். ஒன்றைப் பிரித்து வாயருகே கொண்டுபோய்விட்டேன். பளீரென்று என் கையைத் தட்டிவிட்டான். "வேணாம் பாப்பா! செத்துருவ!" அதுவரை அவனைப் பார்த்து நாங்கள்தான் பயப்படுகிறோம் என்று நினைத்திருந்தேன். என் பயமெல்லாம் அவன் பயத்தின் கால்தூசுக்குக்கூடக் காணாது.

தழைச் சருகுக்குள் விழுந்த மாத்திரையை அவனே தேடி எடுத்தான். "நீ வாழவேண்டிய புள்ள. போறது நான் போறேன்" என்று சொல்லித் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினான். கயிற்றுக் கட்டிலில் படுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான். மருந்துதான் என்று தெரிந்தும், அவன் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கண்ணைத் திறந்து, "நான் இன்னும் இருக்கனா பாப்பா?" என்று கேட்டான். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

இப்போது என்னோடு டாக்டரிடம் வருகிறான். வீட்டில் சாப்பிடுகிறான். புழுக்களையும் அவனே பார்த்துக்கொள்கிறான். தினமும் மாத்திரையை அவன் கண்ணெதிரே பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்ப்பான், பிறகு வாயில் போட்டுக்கொள்வான். மருந்து என்று நம்பித்தான் விழுங்குகிறானா, விஷமென்று நினைத்து எனக்காக விழுங்குகிறானா, தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.