ஏரிச் சேற்றில் எண்ணிய பூந்தூள்

ஆய்வகத்தில் அவளைப் பூந்தூள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரியின் அடிச்சேற்றை நீண்ட குழாயில் உருவி எடுத்து வந்து, வில்லை வில்லையாக அறுத்து, அமிலத்தில் கழுவி, மிஞ்சியதைக் கண்ணாடித் தகட்டில் பரப்பித் தருவார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் என்றைக்கோ கரையில் பூத்ததின் மகரந்தம் கெடாமல் கிடக்கும். எது மரம், எது புல், எது மனிதர் விதைத்த தானியம் என்று பிரித்து எண்ணுவது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். இப்போது காதோரம் நரைத்துவிட்டது. கட்டிக்கொள்ளுமுன் தன்னையும் அந்தக் கண்ணாடிக்கடியில் ஒருதரம் வைத்துப் பார்த்திருக்கலாமே என்பார் புருஷன். பார்த்திருந்தால் களை என்று அப்போதே தெரிந்திருக்கும் என்பாள் அவள்.

அக்கா எண்ணினால் எண்ணினதுதான் என்பது அங்கே ஒரு வழக்கு. மறுபடி எண்ணச் சொல்லி யாரும் அவளிடம் தகட்டை நீட்டியதில்லை.

நகரத்து ஏரி பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. கரையோரக் குடியிருப்புதான் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தூர்த்துவிட்டது, மொத்தமாகக் காலி செய்ய வேண்டும் என்று நகராட்சியில் ஒரு சாரார் சொன்னார்கள். ஏரி சுருங்கியது முதலா, மனிதர்கள் வந்தது முதலா என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு ஆய்வகத்துக்கு வந்தது. ஒரு ஆளால் ஆகிற காரியம் இல்லை. மண்ணின் ரசாயனத்துக்குச் சேற்று டாக்டர், கரையைத் தோண்டி அடுப்பும் ஓடும் அஸ்திவாரமும் தேடுவதற்கு வரலாற்றுக்காரர், பூந்தூளுக்கு இவள்.

இவளுடைய தம்பி அந்தக் கரையில்தான் குடியிருந்தான். அதை முதல் நாளே சேற்று டாக்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. தகடுகளில் குறியெண் மட்டும்தான் இருக்கும். எந்த ஆழத்துச் சேறு, எந்தக் காலத்தது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது என்பதே விதி. உங்கள் தம்பி வீடா, மாமியார் வீடா என்று தகட்டுக்குத் தெரியுமா என்று சிரித்தார். வேறு எண்ணுகிற ஆளும் அங்கே இல்லை.

தம்பி பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஒழுகிக்கொண்டிருந்த அவள் வீட்டுக் குழாயைக் கழற்றி மாட்டினான். கை கழுவும்போது முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"எல்லாம் உங்க அக்கா கையிலதான் இருக்குன்னு எங்க வரிசையில பேசிக்கிறாங்க."

"என் கையில ஒண்ணுமில்லடா. கண்ணுல படுறத எழுதுறேன்."

"அதுவும் சரிதான்," என்றவன், போட்ட டீயைக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு திட்டு திட்டி அனுப்பியிருப்பாள்; மனசு லேசாகியிருக்கும்.

தானியத்தின் மகரந்தமும் ஏரியோரம் தானாக முளைக்கும் சில புற்களின் மகரந்தமும் அச்சு அசல் ஒரே மாதிரி உருண்டை. தானியத்தது கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அளவில் சில வரும். வழக்கமாக அவற்றைச் சந்தேகம் என்று தனியே ஒதுக்கிவிடுவாள். பழைய சேற்றில் தானியம் கூடினால், மனிதர்தான் முதலில் வந்தார்கள் என்று குடியிருப்பின் மேல் பழி விழும். இந்த முறை அப்படி ஒதுக்கும்போதெல்லாம், தம்பியைக் காப்பாற்றத்தான் தானியத்தில் சேர்க்காமல் விடுகிறோமோ என்று உள்ளே ஒன்று குத்தியது. குத்தல் தாங்காமல் தானியத்திலேயே போட்டாள். அதைத்தான் நேர்மை என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று பேருடைய முடிவுகளையும் ஒரே சுவரில், கால வரிசைப்படி அடுத்தடுத்து ஒட்டிய அன்றைக்கு விவகாரம் வெளியே வந்தது. ஏரி சுருங்கத் தொடங்கிய காலத்தில் கரையெங்கும் விளைச்சல் என்றது இவளுடைய வரைபடக் கோடு. அந்தக் காலத்து அடுப்புச் சாம்பல் ஒரு பிடிகூட அகப்படவில்லை என்றார் வரலாற்றுக்காரர். உழுத மண் கரைந்து வந்த தடயமும் இல்லை என்றார் சேற்று டாக்டர். ஆனால் அக்காவின் எண்ணிக்கையை யார் சந்தேகப்படுவார்கள்? தான்தான் தப்பான இடத்தில் தோண்டியிருக்க வேண்டும், மறுபடி தோண்டுகிறேன் என்று வரலாற்றுக்காரர் கோப்பை மூடினார்.

சும்மா இருந்தால் தம்பியின் தெரு முழுக்கப் போய்விடும். வாயைத் திறந்தால் தம்பிக்காகப் புரட்டிப் பேசுகிறாள் என்பார்கள். சுவரிலிருந்து திரும்பி வரலாற்றுக்காரரிடம் சொன்னாள்:

"தோண்ட வேணாம் சார். அடிச்சேத்துத் தகடுகள்ல என் கணக்க நம்பாதீங்க. தம்பிக்குச் சாதகமாப் போயிருமோன்னு பயந்து, சந்தேகமா வந்ததையெல்லாம் தானியத்துல தள்ளிட்டேன்."

சேற்று டாக்டர் கேட்டார்:

"அடித்தகடுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இத்தன வருஷமா பாக்குறேன். நெறத்துல தெரியாதா சார்?"

விதி போட்டவர்களுக்கு அது தோன்றவில்லை. அவளும் இதுவரை சொன்னதில்லை.

எல்லாத் தகடுகளையும் வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னாள். பஞ்சு வைத்துத் தன் கையாலேயே கட்டினாள். மழைக்காலம் முடியும் சமயத்தில் பதில் வந்தது. அடித்தகடுகளில் இருந்தது பெரும்பாலும் புல். தொடர்ந்து மழை பொய்த்து ஏரி உள்வாங்கியிருக்கிறது. வெளிப்பட்ட ஈரநிலத்தைப் பார்த்துத்தான் பிழைக்க இடம் தேடி மனிதர்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். மேல்தகடுகளில் மட்டும் அவளுடைய கணக்கும் புது ஆளின் கணக்கும் ஒத்துப்போயின. நல்ல தண்ணீரில் வளர்ந்த செடிகளின் பூந்தூள் போய், கழிவில் செழிக்கிற பாசி. நேற்றைய சங்கதி அது. தண்ணீரை ஒட்டிய முன்வரிசை வீடுகள் நேராக ஏரியில் விடுகிற சாக்கடை.

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தெரு தப்பியது. முன்வரிசை போக வேண்டும் என்று நகராட்சி முடிவெடுத்தது. தம்பியின் வீடு முன்வரிசையில் இருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும், கிரீஸ் பட்ட சட்டையோடு வந்தான். அவள் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். முதலில் தப்பாக எண்ணியதையும் சொன்னாள். அவன் கேட்டான்:

"அந்தப் பாசியும் வெளியூர் ஆளு எண்ணினதுதானா?"

"நானும் எண்ணினேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் வந்துச்சு."

"அதுல சந்தேகம் ஏதும்..."

"இல்லடா."

பிறகு, வாடகைக்கு இடம் கிடைக்கிறவரை சாமான்களைப் போட்டுவைக்கப் பின்னறையில் இடம் இருக்குமா என்று கேட்டான். அவள் எழுந்து போய், பின்னறை அலமாரியைச் சுவரோரம் தள்ளப் பார்த்தாள். நகரவில்லை. அவன் வந்து மறுமுனையைப் பிடித்துத் தூக்கினான்.