எது குறும்பு?

எழுபதுகளில், வேம்பாரிலிருந்து தூத்துக்குடி போகும் காலை பஸ்ஸில் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அம்மாவைப் பார்ப்பேன். உப்பு அரித்து வெடித்த பாதம், வெயிலில் சிவந்த கண். கண்டக்டர் உட்பட எல்லா ஆண்களையும் "ஏலே" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் ஒரு வாலிபன், முன்னால் நின்ற கல்லூரி மாணவியின் சடையைப் பிடித்து இழுத்தான். அவள் அழுதுவிட்டாள். "வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்பையே நிறுத்திருவாங்க" என்றாள். கண்டக்டர் சிரித்தார். "விடும்மா, வயசுப் பையன் குறும்பு."

அந்த அம்மாவுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"ஏலே, எது குறும்பு? எம் மவ என் செருப்பை ஒளிச்சு வைக்கா. தேடி அலைஞ்சிட்டு நானும் அவகூடச் சேர்ந்து சிரிக்கேன். அது குறும்பு. இங்கன இவ அழுதாளே, ஒனக்குக் கண்ணு இல்லையா? இது அக்கிரமம்லே!"

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். அம்மா நகரவில்லை. "அவன் இறங்கட்டும், பொறவு போங்க" என்றார். கடைசியில் கண்டக்டரே அவனை இறக்கிவிட்டார். "சும்மா விளையாட்டுக்குத்தான்" என்று முனகிக்கொண்டே போனான்.

மறுநாளும் அந்த மாணவி வந்தாள். அம்மா அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, எங்கள் எல்லோரையும் முறைத்தபடியே வந்தார்.